ஃபுல் ஃப்ரேமா, கிராப்பா? நான் போடாத ஒரு ஜாமீன் கையெழுத்து



போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "டீச்சர், கேமரா வாங்கப் போறேன். கிராப் சென்சார் போதுமா, இல்ல கஷ்டப்பட்டு ஃபுல் ஃப்ரேமே வாங்கிடலாமா?" ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு அ, ஆ சொல்லிக் கொடுத்தவளிடம் இதை ஏன் கேட்கிறீர்கள் என்று புதிதாகப் படிப்பவர்களுக்குத் தோன்றும். அதற்குக் காரணம் நம் பள்ளியில் படித்த ஒரு பையன்தான். அவன் கதையைச் சொன்னால் கேள்விக்கும் பதில் வந்துவிடும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவனுடைய கம்பெனியின் பெயரையும் எழுதப்போவதில்லை. பதிவு நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2023-ஆம் வருடம், ஆடி மாதம். சாயங்காலம் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கி, யூனிஃபார்மோடு நேராக வீட்டுக்கு வந்தான். இரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். காபி குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், ஒரு கையெழுத்து வேணும்" என்றான்.

ஃபைனான்ஸில் 2,20,000 ரூபாய் கடன். ஜாமீன் போட ஓர் ஆள் தேவை. பென்ஷன் வாங்குகிறவர் என்றால் அவர்கள் உடனே ஒத்துக்கொள்கிறார்களாம்.

எதற்கு என்று கேட்டேன். கல்யாண போட்டோ எடுக்கப் போகிறானாம். ஏற்கெனவே இரண்டு வருடமாக லீவு நாட்களில் படப்பையில் ஒரு போட்டோகிராபருக்கு உதவியாளாகப் போய்க்கொண்டிருக்கிறான். சொந்தக் கேமரா இருந்தால் இரண்டாம் கேமராமேனாக ஒரு நாளைக்கு 2,500 ரூபாய் தருவதாக அவர் சொல்லியிருக்கிறார். கம்பெனியில் இவன் காண்ட்ராக்ட் ஆள். கையில் வருவது 17,000 சொச்சம். "நிரந்தரம் ஆக்க மாட்டாங்க டீச்சர். கையில ஒரு தொழில் இருந்தா தைரியமா இருக்கும்" என்றான். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தான். ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா, அதோடு வரும் சின்ன ஜூம் லென்ஸ் சேர்த்து 1,55,000. போர்ட்ரெயிட் எடுக்க 85 மி.மீ. லென்ஸ் 48,000. லேப்டாப் 65,000. ஃபிளாஷ், கார்டு, பை எல்லாம் 22,000. மொத்தம் 2,90,000. கையில் சேமிப்பு 70,000. மீதிக்குத்தான் கடன்.

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வட்டி 16 சதவீதம், 24 தவணை. மாதம் சுமார் 10,770 ரூபாய். இரண்டு வருடத்தில் கட்டுவது 2,58,500. அதில் வட்டி மட்டும் 38,500. சம்பளமோ 17,000.

"கல்யாண வேலை வரும் டீச்சர்."

"ஆடியில வருமா? மார்கழியில வருமா? முகூர்த்தத்துக்கு ஆடி உண்டு, மார்கழி உண்டு. இஎம்ஐக்கு அதெல்லாம் கிடையாதுடா."

தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் மனசு கேட்கவில்லை. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான். "இரண்டு வாரம் டைம் கொடு. நான் படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். படிக்காமல் போடு என்று கேட்பதும் தப்பு, படிக்காமல் மாட்டேன் என்று சொல்வதும் தப்பு.

முதலில் என் மனதில் குத்திய வார்த்தை "ஃபுல்". ஒன்று முழுசு என்றால் மற்றது அரைகுறை என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்பவர் சினிமா ஃபிலிமை வைத்துக் கையடக்கமான கேமரா ஒன்றைச் செய்தார். சினிமாவில் ஒரு கட்டம் 18×24 மி.மீ. அதை இரட்டிப்பாக்கி 24×36 என்று வைத்தார். அதுதான் 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்கா. நாம் ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவிய 35 மி.மீ. ஃபிலிம் சுருளின் கட்டமும் அதே அளவுதான். இன்றைக்கு அந்த அளவில் இருக்கும் சென்சாருக்கு ஃபுல் ஃப்ரேம் என்று பெயர். 1996-ல் ஏபிஎஸ் என்று சிறிய ஃபிலிம் ஒன்று வந்தது. அதில் ஒரு வகைக் கட்டத்துக்கு நெருங்கிய அளவில் இருக்கும் சென்சாருக்கு ஏபிஎஸ்-சி என்று பெயர். அதைத்தான் கிராப் சென்சார் என்கிறார்கள். சோனி, நிக்கான், ஃபுஜி கேமராக்களில் சுமார் 23.5×15.6 மி.மீ., கேனனில் இன்னும் கொஞ்சம் சிறிது. மிரர்லெஸ் என்பது வேறு விஷயம். பழைய எஸ்எல்ஆர் கேமராவுக்குள் இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு அளவிலும் மிரர்லெஸ் உண்டு.

அப்போது எங்கள் அப்பாவின் ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமரா ஞாபகம் வந்தது. உங்களில் சிலர் வீட்டுப் பரணிலும் அது கிடக்கும். ஒரு ரோலில் 12 படம், சதுரமாக வரும். அதன் ஃபிலிம் கட்டம் 6×6 செ.மீ. பரப்பளவில் இன்றைய ஃபுல் ஃப்ரேமைவிட மூன்றரை மடங்குக்கு மேல் பெரிது! அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் வீட்டுப் படமெல்லாம் இன்றைய கல்யாண ஆல்பத்தைத் தோற்கடித்திருக்க வேண்டும். நடந்தது என்ன? வாசலில் வெயிலில் எடுத்தவை இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. கூடத்துக்குள் என் அம்மாவை எடுத்த ஒரே படத்தில் புடவையின் கரை மட்டும்தான் தெரிகிறது, முகம் இருட்டு. அந்தக் கேமராவில் எளிய லென்ஸ். துளை சிறியது. வெயில், மேகம் என்று மாற்ற ஒரு குமிழ் உண்டு. பெரிய ஃபிலிம் இருந்தும், அதற்கு வெளிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை.

இதை உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். நம்முடையது ஏரி மாவட்டம், மழைக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். சென்சார் என்பது வயல். லென்ஸின் துளை மழையின் வேகம். ஷட்டர் என்பது எவ்வளவு நேரம் பெய்தது என்பது. ஒரே மழை, ஒரே நேரம் பெய்தால் பெரிய வயலில் தண்ணீர் அதிகம் விழும். ஃபுல் ஃப்ரேம் வயலின் பரப்பு 36×24, அதாவது 864. கிராப் வயல் 23.5×15.6, சுமார் 367. வகுத்தால் 2.35 மடங்கு வருகிறது. ஆக, ஃபுல் ஃப்ரேமுக்குக் கிடைக்கும் மொத்த வெளிச்சம் 2.35 மடங்கு. ஒரே காலத்தில் வந்த இரண்டு கேமராக்களை எடுத்துக்கொண்டால், கிராப்பில் ஐஎஸ்ஓ 3200-ல் தெரியும் புள்ளி, ஃபுல் ஃப்ரேமில் 7500 பக்கம் போனால்தான் தெரியும். இது உண்மையான லாபம். இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் தூறலில் இருக்கும் பெரிய வயலைவிட, கனமழையில் இருக்கும் சின்ன வயலுக்குத் தண்ணீர் அதிகம். பையனின் பட்டியலில் கேமராவோடு வரும் சின்ன ஜூம் லென்ஸைப் பாருங்கள். கொஞ்சம் ஜூம் செய்தாலே அதன் துளை எஃப் 5.6 ஆகிவிடும். எண் ஏற ஏறத் துளை சிறிதாகும் என்பதை மறக்காதீர்கள். இன்னொரு பக்கம், பல கம்பெனிகள் விலை குறைந்த எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வைத்திருக்கின்றன. ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் அது. 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வருவதை அதே எண்ணால் பெருக்குங்கள். 9.7 வருகிறது. அதாவது எஃப் 1.8-ல் மழை 9.7 மடங்கு வேகம். வயல் 2.35 மடங்கு சிறியது என்று கழித்த பிறகும், 1.8 லென்ஸ் போட்ட கிராப் கேமராவுக்குச் சுமார் 4 மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது.

ஆக, பையன் 1,55,000 கொடுத்துப் பெரிய வயலை வாங்கி, அதில் தூறலை விடப்போகிறான். பட்ஜெட்டில் ஃபுல் ஃப்ரேம் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பணமெல்லாம் பாடிக்கே போய்விடுகிறது. லென்ஸுக்கு மிஞ்சுவதில்லை.

அந்த வாரம் இன்னொரு மாணவி என்னைப் பார்க்க வந்தாள். இதே ஒரகடம் சாலையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கேமரா என்றதும் சிரித்தாள். "எங்க லைன்லயும் கேமராதான் டீச்சர். உதிரி பாகத்துல கீறல் இருக்கா, ஓட்டை சரியா இருக்கான்னு அதுதான் பாக்கும்."

"அதுல ஃபுல் ஃப்ரேமா, கிராப்பா?"

"ரெண்டும் இல்ல. கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன சென்சார். மெஷின் செட் பண்ண வந்தவங்க முதல் ரெண்டு நாள் கேமராவைத் தொடவே இல்ல டீச்சர். லைட்டைத்தான் அப்படியும் இப்படியும் மாத்திக்கிட்டே இருந்தாங்க. எந்தப் பக்கம் இருந்து வெளிச்சம் அடிச்சா கீறல் தெரியும்னு பாத்தாங்க. லைட் சரியா வந்ததும் லென்ஸ். கேமரா கடைசி."

இந்தப் பொண்ணு சொன்னது எனக்கு ஒரு பாடம். காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிற இந்தச் சாலையில், லட்சக்கணக்கான உதிரி பாகங்களைச் சோதிக்கிற கண்கள் அவ்வளவு சின்னவை. ஆனால் அவற்றுக்கு எந்த நேரமும் சரியான வெளிச்சம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கல்யாண மண்டபத்துக்கு இது பொருந்துமா? பாதி பொருந்தும். நம் ஊர்க் கல்யாணத்தில் மணமேடையில் வீடியோக்காரர் லைட் போட்டுவிடுகிறார். பெரியவர்கள் கண் கூசுகிறது என்று திட்டினாலும் லைட் அணையாது. அங்கே ஃபுல் ஃப்ரேமின் லாபம் பெரிதாகத் தெரியாது. குரூப் போட்டோவுக்கு ஃபிளாஷ் இருக்கிறது. ஆனால் ராத்திரி தெருவில் வரும் மாப்பிள்ளை அழைப்பு? வல்லக்கோட்டை முருகன் கோவிலில் விடியற்காலை நடக்கும் கல்யாணம்? அங்கே லைட் நம் கையில் இல்லை.

கணக்கு மட்டும் போதாது, கண்ணாலும் பார்க்க வேண்டும் என்று பையனிடம் சொன்னேன். ஒரு நாளைக்கு 1,800 ரூபாய் வாடகையில் ஃபுல் ஃப்ரேம் கேமரா எடுத்தான். நண்பனிடம் ஒரு கிராப் கேமராவை இரவல் வாங்கினான். ஆவணி முதல் வாரத்தில் படப்பையில் ஒரு கல்யாணம். நாலு இடத்தில் இரண்டு கேமராவிலும் ஒரே மாதிரி எடுத்து, எட்டுப் படத்தையும் ஆல்பம் பக்க அளவில், 12×18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தான். எது எந்தக் கேமரா என்று பின்பக்கம் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தேன். நான், என் நாத்தனார், பக்கத்து வீட்டு அம்மா, தரப் பரிசோதனைப் பெண், நாலு பேரும் பரீட்சைத் தாள் திருத்துவது மாதிரி உட்கார்ந்து பார்த்தோம்.

மணமேடைப் படம்: ஆளுக்கொன்று சொன்னோம். வித்தியாசம் தெரியவில்லை. ஃபிளாஷ் போட்ட குரூப் போட்டோ: அதுவும் அப்படியே. மூன்றாவது, தெருவில் மாப்பிள்ளை அழைப்பு, இரண்டு கேமராவிலும் எஃப் 1.8 லென்ஸ். இதில் நாலு பேரும் ஒரே படத்தைக் காட்டினோம். மாப்பிள்ளையின் தலைமுடியும் கோட்டும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகத் தெரிந்தன. இன்னொன்றில் கறுப்பில் புள்ளி புள்ளியாக இருந்தது. நல்ல படம் ஃபுல் ஃப்ரேமில் எடுத்தது. நாலாவது, அதே தெரு, ஆனால் ஃபுல் ஃப்ரேமில் அந்தச் சின்ன ஜூம், கிராப்பில் 1.8. இதிலும் நாலு பேரும் ஒரே படத்தைக் காட்டினோம். அது கிராப்.

நான் காலண்டர் தாளில் போட்ட கணக்கு தெருவில் சரியாக வந்திருந்தது. ரிட்டயர் ஆன பிறகு ஒரு விடைத்தாளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பையன் நியாயமாகக் கேட்டான். "அப்ப ஃபுல் ஃப்ரேமோட 1.8 லென்ஸ் வாங்கினா ரெண்டு லாபமும் கிடைக்கும்ல டீச்சர்?" கிடைக்கும். முகத்துக்குப் பின்னால் எல்லாம் மங்கலாகத் தெரிய வேண்டும் என்று இப்போது கேட்கிறார்களே, அதுவும் ஃபுல் ஃப்ரேமில் சுலபமாக வரும். பணம் இருக்கிறவன் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: "வருஷத்துல எத்தனை ராத்திரி உனக்கு இது இல்லாம முடியாது?" யோசித்துவிட்டு ஆறு என்றான். ஆறு நாள் வாடகை 10,800. அவன் கட்ட இருந்த ஒரே ஒரு மாத இஎம்ஐயும் அதே அளவுதான்.

ஜாமீன் கையெழுத்து நான் போடவில்லை. வேறு பட்டியல் போட்டோம். கிராப் கேமரா, கிட் லென்ஸோடு 72,000. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 18,000. இந்த லென்ஸ் ஃபுல் ஃப்ரேமுக்கும் பொருந்தக்கூடியது, பின்னால் கேமரா மாறினாலும் வீணாகாது. அதோடு, கிராப் சென்சார் பார்வையைச் சுமார் ஒன்றரை மடங்கு குறுக்குவதால், 50 மி.மீ. லென்ஸ் 75, 80 மாதிரி வேலை செய்யும். 48,000 ரூபாய் போர்ட்ரெயிட் லென்ஸ் பட்டியலிலிருந்து போயிற்று. ஃபிளாஷ் 9,000. கார்டும் கூடுதல் பேட்டரியும் 8,000. லேப்டாப் இப்போது வேண்டாம், இரண்டாம் கேமராமேன் எடுக்கும் படங்களை முதல் போட்டோகிராபரே சரிசெய்கிறார். மொத்தம் 1,07,000. அவன் சேமிப்பு 70,000. மீதி 37,000-ஐ நான் கொடுத்தேன். மாதம் 3,700, பத்து மாதம், வட்டி இல்லை. வேலை இல்லாத மாதம் தர வேண்டாம். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

"மெகாபிக்சல் குறையுமா?" என்று ஒரு சந்தேகம் கேட்டான். இரண்டிலும் 24 மெகாபிக்சல்தான். 12×18 அங்குலத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தாலும் 3600×5400, சுமார் 19.4 மெகாபிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் பார்க்கிறவர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

இதற்குப் பிறகு நடந்த இரண்டு விஷயத்தையும் சொன்னால்தான் கணக்கு முடியும்.

கார்த்திகை கடைசியில் அவனுக்குக் காண்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. அடுத்தது மார்கழி, கல்யாணமும் இல்லை. இரண்டு மாதம் எனக்குப் பணம் தரவில்லை. வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான், உள்ளே வரக் கூச்சப்பட்டான். "ஒப்பந்தத்துல எழுதியிருக்கு, உள்ள வந்து சாப்பிடு" என்றேன். அந்த இரண்டு மாதமும் 10,770 ரூபாய்க்கு ஆள் வந்து அவன் அம்மா முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கேமராவை விற்றிருப்பான். தொழிலும் போயிருக்கும். மாசியில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது.

இரண்டாவது, நான் செய்த தப்பு. தை மாதம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கல்யாணம். பாதியில் கேமராவில் கார்டு எர்ரர் என்று வந்தது. பிறகு ஒரு சாஃப்ட்வேரில் போட்டுப் பெரும்பாலான படங்களை மீட்டுவிட்டார்கள். சுமார் 60 படம் வரவே இல்லை. தாலி கட்டும் படம் முதல் போட்டோகிராபரிடம் இருந்தது. ஆனால் பெண்ணின் பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று விபூதி பூசிய படம் இவனிடம் மட்டும்தான் இருந்தது. பெண்ணின் அப்பா அந்தப் படத்தைத்தான் முதலில் கேட்டார். இவனே நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தான். அன்றைய கூலியை வாங்கவில்லை.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சென்சாரின் பரப்பைக் கணக்குப் போட்டேன், லென்ஸின் துளையைக் கணக்குப் போட்டேன், வட்டியைக் கணக்குப் போட்டேன். கார்டு போடும் துளை ஒன்றா, இரண்டா என்று பார்க்கவே இல்லை. விலை குறைந்த கிராப் கேமராக்களில் பெரும்பாலும் ஒரு கார்டுதான். இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகும்படி வைக்கலாம், ஒன்று கெட்டாலும் மற்றதில் இருக்கும். இதில் சென்சார் அளவுக்கு நேர் சம்பந்தம் கிடையாது. இரண்டு ஸ்லாட் உள்ள கிராப் கேமராவும் உண்டு, ஒரே ஸ்லாட் உள்ள ஃபுல் ஃப்ரேமும் உண்டு. திரும்ப நடக்காத ஒன்றைக் காசு வாங்கிக்கொண்டு படம் எடுக்கப் போகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. "நீங்க என்ன செய்வீங்க டீச்சர், எனக்கே தெரியலையே" என்று அவன் சொன்னான். அவனுக்குத் தெரியாமல் போகலாம். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று டைம் கேட்டவள் நான்.

அதற்குப் பிறகு சின்ன கார்டுகளாக நாலு வைத்துக்கொண்டு, நிச்சயதார்த்தம் ஒன்றில், முகூர்த்தம் ஒன்றில், சாப்பாடு ஒன்றில் என்று மாற்றி மாற்றிப் போட்டான். ஒன்று கெட்டாலும் எல்லாம் போகாது. என் கடனை 2024 ஆவணியில் முடித்தான். கடைசித் தவணையோடு ஒரு டஜன் வாழைப்பழம் கொண்டுவந்தான். போன வருடம் தன் சொந்தச் சம்பாத்தியத்தில், கடன் இல்லாமல், இரண்டு ஸ்லாட் உள்ள பழைய ஃபுல் ஃப்ரேம் பாடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். அந்த 18,000 ரூபாய் லென்ஸ் இப்போது அதில்தான் மாட்டியிருக்கிறது. கிராப் கேமரா இரண்டாவது கேமராவாகத் தோளில் தொங்குகிறது. கம்பெனி வேலையையும் விடவில்லை. விடலாமா என்று கேட்டான். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இனி, போன் செய்து கேட்ட மூன்று பேருக்கும் பதில்.

1. பேரன் பேத்தி, பண்டிகை, சுற்றுலாவுக்கு என்றால் கிராப் தாராளமாகப் போதும். அதோடு எஃப் 1.8 லென்ஸ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். எடையும் குறைவு, கழுத்து வலிக்காது.

2. வேடந்தாங்கல் போய்ப் பறவை எடுக்க ஆசை என்றால் கிராப்தான் உங்களுக்கு லாபம். ஒன்றரை மடங்கு குறுகிய பார்வை அங்கே வரம். 400 மி.மீ. லென்ஸ் 600 மாதிரித் தெரியும். மிச்சப் பணத்தை லென்ஸில் போடுங்கள்.

3. தொழிலுக்கு என்றால், சென்சாரைக் கேட்பதற்கு முன் கார்டு ஸ்லாட் எத்தனை, பேட்டரி எத்தனை மணி நேரம், சர்வீஸ் எங்கே என்று கேளுங்கள். இருட்டில் அடிக்கடி வேலை, லென்ஸுக்கும் சேர்த்துக் கையில் பணம், இரண்டும் இருந்தால் ஃபுல் ஃப்ரேம் வாங்குங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் வாடகைக்கு எடுங்கள்.

4. கிராப்புக்கு என்றே செய்த லென்ஸை ஃபுல் ஃப்ரேம் கேமராவில் மாட்டினால் நடுப்பகுதி மட்டும்தான் படமாகும். 24 மெகாபிக்சல் 10 பக்கம் வந்துவிடும். பின்னால் மாறும் எண்ணம் இருந்தால் லென்ஸ் வாங்கும்போதே இதை நினைவில் வையுங்கள்.

5. மண்டபத்து எல்இடி விளக்கில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்து, மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்துப் பாருங்கள்.

6. பில் இல்லாமல் கொஞ்சம் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். வாரண்டி போய்விடும்.

7. வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் எடுக்கப்போகிற இடத்திலேயே எடுத்து, பிரிண்ட் போட்டுப் பாருங்கள். கடைக்கார வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும்.

இதற்கு மேல் சந்தேகம் இருந்தால் போன் செய்யுங்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன், அப்போது வேண்டாம். யாராவது ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வருவதாக இருந்தால், இரண்டு வாரம் முன்னதாகவே வாருங்கள். எனக்குப் படிக்க நேரம் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்